வராத வாரத்தின் தாள்

நான் எழுதிய இரண்டு நாவல்களில் முதலாவதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. இரண்டாவதை ஞாபகம் வைத்திருக்கும் சிலர், அதில் வரும் ஒரு கதவுக்காக வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு என்னுடையதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் ஒளித்துவைத்து, அப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்வதற்கு எனக்கு இப்போது தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை. என்னுடையதில்லை என்று தெரிந்துகொண்ட அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் பைண்டிங் கடை. பூட்டுப் பட்டறைகள் இருந்த தெருவில், இரண்டு பட்டறைகளுக்கு நடுவில் அவர் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும் அளவுக்கு ஓர் இடம். இந்தப் பக்கம் அரம் தேய்க்கும் சத்தம், அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். நடுவில் உட்கார்ந்து அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டு, வக்கீல்களின் தடிப் புத்தகங்கள், எங்கள் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு என்று எது வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. தொடர்கதைத் தாள்கள் எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

தொண்ணூறுகளில் வாரப் பத்திரிகை வாங்கும் வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. பிடித்த தொடர்கதையை வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, பரணில் ஒரு துணிப்பையில் சேர்த்துவைப்பார்கள். கதை முடிந்ததும் மொத்தத் தாள்களையும் பைண்டரிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். சில பேர் இருபது வருடம் பரணில் கிடந்ததைக்கூடக் கொண்டுவருவார்கள். அப்பா அத்தியாய எண்ணைப் பார்த்து அடுக்கி, தைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, முதுகில் காலிகோ துணி ஒட்டி, புத்தகமாக்கிக் கொடுப்பார். பெரும்பாலும் கதையின் முதல் பக்கம் இருக்காது. பெயரும் படமும் இருக்கிற பக்கத்தைத்தான் எல்லாப் பிள்ளைகளும் முதலில் கிழிக்கும். ஆகவே நான் படித்த கதைகளில் பாதிக்கு மேல் எழுதியவர் பெயர் இல்லாத கதைகள்.

நடுவில் ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டுப்போயிருப்பதும் உண்டு. பேப்பர்காரர் போடாமல் விட்டிருப்பார், அல்லது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராமல் இருந்திருப்பார்கள். அப்படி வராத வாரத்துக்கு அப்பா ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைப்பார். "என்னைக்காவது கெடைக்கும். கெடைச்சா அதுல ஒட்டிக்கிருவாங்க" என்பார். தொடர் முடியாமலேயே யாராவது அவசரப்பட்டுக் கொண்டுவந்தால் கடைசியில் நாலைந்து வெள்ளைத் தாள் விடுவார். வேறு பைண்டர்கள் இதெல்லாம் செய்வதில்லை. எண் தவறினால் தவறட்டும் என்று தைத்துவிடுவார்கள்.

பள்ளி விட்டதும் நான் நேரே கடைக்கு வந்துவிடுவேன். பெஞ்சில் உட்கார்ந்து, தைத்து முடித்து உலர்ந்துகொண்டிருக்கும் புத்தகங்களை எடுத்துப் படிப்பேன். பன்னிரண்டு வயதில் எனக்கு அந்த வெள்ளைத் தாள்கள் பொறுக்கவில்லை. அப்பா பார்க்காத நேரத்தில் விட்டுப்போன வாரத்தை நானே பேனாவால் எழுத ஆரம்பித்தேன். அடுத்த வாரத்தைப் படிக்காமல் எழுத வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. எழுதி முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். ஐந்தாறு புத்தகங்களில் இப்படிச் செய்திருப்பேன். ஒருநாள் ஒரு அம்மா வந்து, "யாரு இதுல கிறுக்கி வச்சது?" என்று கடை வாசலில் நின்று கத்தினார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் போனதும் தாள் மடிக்கும் மூங்கில் பட்டையால் என் உள்ளங்கையில் நாலு வைத்தார். அதோடு விட்டுவிட்டேன்.

அப்பா கதை படிக்க மாட்டார். படிக்கத் தெரியாமல் இல்லை. "படிக்க ஆரம்பிச்சா வேல எங்க ஓடும்" என்பார். வயதான பிறகு வேலைக்கென்று ஒரு கண்ணாடி வாங்கினார். அது கடையிலேயே, பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். வீட்டுக்குக்கூடக் கொண்டுவர மாட்டார்.

கல்லூரி முடித்த வருடம் என் முதல் நாவல் வந்தது. சென்னையில் மாதநாவல் போடும் ஒருவருக்கு அனுப்பினேன், போட்டுவிட்டார். ஒரு ராஜா மேகங்களையெல்லாம் பிடித்துக் கோட்டைக்குள் கட்டிவைக்கிறான். ஜனங்கள் குடத்தோடு வரிசையில் நின்று தங்கள் பங்கு மழையை வாங்கிப் போக வேண்டும். வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கும் கட்டிப்போட்ட ஒரு மேகத்துக்கும் சிநேகம் உண்டாகிறது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு நின்ற எவளும் எழுதக்கூடிய கதைதான். நான் எழுதினேன். அதற்கு ஒரே ஒரு வாசகர் கடிதம் வந்தது. அறுபத்திரண்டாம் பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்குத்தான் ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. "அது எழுதுனவ தப்பில்ல, தச்சவன் தப்பு" என்று இரண்டு நாள் புலம்பினார்.

இரண்டாவது நாவலில்தான் அந்தக் கதவு. பூமிக்கு அடியில் இருக்கும் ஒரு நகரத்தின் கதவு அது. பூட்டு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. எதற்காக வந்தோம் என்பதை மறந்தவனுக்கு மட்டுமே திறக்கும். தம்பியை மீட்க வந்த இளவரசன் அதன் முன் வருடக்கணக்கில் நிற்கிறான். ஒரு செருப்பின் வார் அறுந்துபோகிறது. அதைக் குனிந்து பார்க்கிறவன், ஏன் இங்கே நிற்கிறோம் என்று யோசிக்கிறான். ஞாபகம் வரவில்லை. கதவு திறக்கிறது. உள்ளே போகிறவனுக்குத் தம்பியைப் பார்த்தும் யாரென்று தெரியவில்லை.

கடிதங்கள் வந்தன. இப்போது நினைத்தாலும் அந்த நாட்களின் சந்தோஷம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தலைகால் புரியாமல் திரிந்தேன். அறுந்த செருப்பு வாரைப் படித்துவிட்டு அழுததாக ஒருவர் எழுதியிருந்தார். 'கதவு பிரமாதம், அடுத்ததிலும் இதுபோல ஒன்று வையுங்கள்' என்று பதிப்பாளர் எழுதினார். கல்லூரியில் எனக்கு ஆங்கிலம் நடத்திய அம்மா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "எந்த இங்கிலீஷ் புக்குலருந்து எடுத்த?" என்று கேட்டார். எனக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க வராது என்பது அவருக்கே தெரியும். நான் நிமிர்ந்து நின்று, "என் மண்டையிலருந்துதான் மேடம்" என்றேன்.

அப்பா ஒரு பிரதியைக் கடை முகப்பிலேயே வைத்துவிட்டார். நோட்டுத் தைக்க வருகிறவர்கள் எல்லாம் கதவைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவர் புத்தகத்தைப் படித்ததில்லை. நான் சொல்லக் கேட்டதை வைத்துச் சொல்வார், அதையும் தப்பாகச் சொல்வார். பக்கத்துப் பட்டறைக்காரருக்குக் கொண்டாட்டம். "ஏப்பா, நம்ம ஊர்ல இத்தன வருசமா பூட்டுப் போடுறோம். சாவியே இல்லாத பூட்ட ஓம் மக செஞ்சுட்டாளே. பேசாம அவள நம்ம பட்டறைக்கு அனுப்பு" என்பார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஒனக்கு இருக்குற மறதிக்கு அந்தக் கதவு பொழுதன்னைக்கும் தொறந்துதான் கெடக்கும்" என்பார். என்னை அடித்த கதையும் இப்போது பெருமைக் கதையாகிவிட்டது. "பன்னெண்டு வயசுலயே எம் புஸ்தகத்துல எழுதுன பிள்ள. நான்தான் கூறுகெட்டத்தனமா அடிச்சேன்" என்று எல்லோரிடமும் சொன்னார்.

ஐந்தாறு மாதம் கழித்துப் பதிப்பாளரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே பக்கத்து ஊரான செம்பட்டியிலிருந்து ஒருவர் அவருக்கு எழுதிய கடிதம். மேலே, 'பதில் தேவை' என்று ஒரு சீட்டுக் குத்தியிருந்தது. எழுதியவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமான அவர் மனைவி சேர்த்துவைத்த தொடர்கதை ஒன்றில் இதே கதவு, இதே நிபந்தனையோடு வருகிறதாம். இளம் எழுத்தாளரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று சொல்லியிருந்தார். தொடரின் முதல் பக்கம் இல்லாததால் எழுதியவர் யாரென்று தெரியவில்லை. இந்த நாவலாசிரியைக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புவதாகவும், பெயரைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்றும் முடித்திருந்தார்.

கடிதத்தை மடித்துக் கவரில் போட்டு, மறுபடி எடுத்துப் படித்தேன். வைது எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நன்றிதான் என்னைக் கொன்றது. அப்புறம்தான் எனக்கு அந்த ஞாபகம் வந்தது. பெஞ்சு, பசை வாசனை, மடியில் ஒரு தடிப் புத்தகம், வெள்ளைத் தாள், கதவு முன்னால் நிற்கும் இளவரசன். நான் எழுதுகிறேன். அப்படியே கண்முன் நின்றது. அந்தக் கதவை எழுதியது நான்தான்! வராத வாரத்தின் தாளில் பன்னிரண்டு வயதில் எழுதியதை, அந்த மனிதர் தொடரின் பகுதி என்று நினைத்துப் படித்திருக்கிறார். நான் காப்பியடித்தது என்னைத்தான்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அப்ப அது நம்ம கடையில தச்ச புக்கு."

"ஆமாப்பா."

"அப்புறம் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுருக்க? போயி பாத்துருவோம். எங் கையில தச்சதுன்னா அங்கிட்டு நின்னே சொல்லிருவேன்."

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் செம்பட்டி பஸ்ஸில் ஏறினோம். அப்பா சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையிலேயே வந்தார். வழி முழுக்க, அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு எழுதும் கடிதத்தைப் பதிப்பாளர் அச்சில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அதே ஆசைதான். அந்தக் கதவு என்னுடையது என்று அச்சில் ஒரு வரி வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று பூசையில்கூட வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் தனியாக இருந்தார். பஜாரைத் தாண்டி உள்ளே ஒரு ஓட்டு வீடு. என்னைப் பார்த்ததும், "நீங்கதான் எழுதுனதாம்மா? நான் யாரோ பெரியவங்கன்னுல நெனச்சேன்" என்று சொல்லி, அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். அப்பா தன்னைப் பைண்டர் என்று சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உள்ளறையில் ஒரு மரப் பீரோவைத் திறந்து காட்டினார். அது நிறையத் தைத்த தொடர்கதைகள். அப்பா வாசலில் நின்றே, "நம்ம தையலு" என்றார். பிறகு பீரோவை விட்டு நகரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளேயே நின்றார்.

அந்தப் பெரியவர் ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எங்க வீட்டம்மா சேத்ததும்மா. அவ இருக்குற வரைக்கும் நான் ஒரு பக்கம் படிச்சதில்ல. கேலி பண்ணுவேன். அவ போனப்புறம்தான் ஒண்ணொண்ணா எடுத்துப் படிக்கிறேன். எதுக்குச் சிரிச்சா, எதுக்கு அழுதான்னு இப்பத்தான் தெரியுது." பக்கங்களைத் தள்ளிக்கொண்டே, "இதுல ஒரு விசேசம் இருக்கு. நடுவுல ஒரு வாரம் இல்ல. அத அவளே எழுதி வச்சுருக்கா" என்றார்.

அவர் பிரித்துக் காட்டிய தாளில் என் கையெழுத்து இருந்தது. உருட்டி உருட்டி எழுதிய, கோடு இல்லாத தாளில் வலதுபக்கம் மேலேறிப் போகும், பன்னிரண்டு வயதுக் கையெழுத்து. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதியிருந்தேன். படித்தேன்.

'கதவு திறக்கவில்லை. இளவரசன் அழுதான். அப்போது காட்டிலிருந்து ஒரு பெரிய யானை வந்தது. யானை தலையால் கதவை முட்டியது. மூன்று தடவை முட்டியது. கதவு உடைந்து விழுந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள்.'

அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினேன். அச்சடித்த அடுத்த வாரத்தில் இளவரசன் கதவின் முன் நிற்கிறான். வருடங்கள் போகின்றன. செருப்பு வார் அறுகிறது. குனிந்து பார்க்கிறான். எதற்கு வந்தோம் என்பது மறந்துவிட்டது. கதவு திறக்கிறது. என் நாவலில் இருந்த வாக்கியங்கள்கூட ஏறக்குறைய அப்படியே இருந்தன. யாரோ ஒருவர் அழுததாக எழுதிய அந்தச் செருப்பு வாரைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. யானையை எழுதி முடித்துவிட்டு, விதிப்படி பக்கத்தைத் திருப்பியிருப்பேன். இதைப் படித்திருப்பேன். எனக்கு வராது, என்னால் ஒருநாளும் இப்படி யோசிக்க முடியாது என்று பன்னிரண்டு வயதிலேயே தெரிந்திருக்கும். அதைத் தாங்க முடியாமல் யானையை மறந்துவிட்டுக் கதவை எடுத்துவைத்துக்கொண்டேன். திருடியதுகூட ஞாபகம் இல்லாமல் திருடியிருக்கிறேன்.

"யானைன்னா அவளுக்கு உசுரு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "பழனிக்குப் போனா சாமியப் பாக்குறதுக்கு முன்ன யானையப் பாக்கணும்பா. அதான் யானைய வுட்டே ஒடச்சுட்டா. அஞ்சாப்புதான் படிச்சவ. ரேசன் கார்டுல கையெழுத்துப் போட்டுத்தான் பாத்துருக்கேன். அவ இம்புட்டு எழுதுவான்னு எனக்கு இதப் பாத்துத்தாம்மா தெரியும்." சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். மூடிவிட்டு, கதவை உங்கள் வீட்டுப் புத்தகத்திலிருந்துதான் எடுத்தேன், எழுதியவர் யாரென்று எனக்கும் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கண்ணாடி கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரால் ஒரு வரியும் படித்திருக்க முடியாது. ஆனால் என் எழுத்தின் உருட்டல் அவருக்குத் தெரியும்.

"ஏ பாப்பா! இது ஓன் கையெழுத்துல்ல!" கைதட்டினார். "சார், நான் அப்பவே சொன்னேன். இந்த வெள்ளத்தாள் நான் வச்சுத் தச்சது. இவ எங் கடையில ஒக்காந்து எழுதுனது. நீங்க எங்கயோ பாத்து எழுதுனான்னு கடுதாசி போட்டீங்களே, அத எழுதுனதே எம் மகதான் சார்!"

அந்தப் பெரியவர் தாளைப் பார்த்தார். அதில் யானைதான் இருக்கிறது, மறந்தவனுக்குத் திறக்கும் கதவு அதில் இல்லை என்பது அவருக்கு மனப்பாடம். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க எழுதுனதாம்மா இது?"

இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவருடைய மனைவி எழுதிய ஒரே தாள் அவரிடம் இருந்திருக்கும். அப்பா மட்டும், மகளின் கையெழுத்துகூடத் தெரியாதவர் என்று தலைகுனிந்து பஸ் ஏறியிருப்பார். எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. அப்பாவுக்காகச் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். அந்தக் கதவு என்னுடையது என்று நம்புவதற்கு உலகத்தில் ஒரு ஆளாவது மிச்சம் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"ஆமா" என்றேன்.

"அப்ப அவ எழுதல" என்றார் அவர். எங்களிடம் சொன்னதுபோல இல்லை.

இதில் யானைதான் இருக்கிறது என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், என்னை அப்பா முன்னால் பொய்க்காரியாக நிறுத்தியிருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. "எடுத்துக்கங்க. ஒங்க பொருளு எதுக்கு என்கிட்ட?" என்று அப்பாவிடம் புத்தகத்தைக் கொடுத்தார். அப்பா சவரப் பிளேடு ஒன்று கேட்டு வாங்கி, அதே தையலில் பிடித்திருக்கும் எதிர்த்தாள் கழன்றுவிடாமல் இருக்க ஒரு விரல் அகலம் விட்டு, தாளை நேராக வெட்டி எடுத்தார். அந்தக் கை பிசகவே பிசகாது.

"அடுத்த தடவ வர்றப்ப ஒரு வெள்ளத்தாள் வச்சு ஒட்டித் தாரேன் சார்" என்றார்.

"வேண்டாங்க. இனிமே எங்க கெடைக்கப்போகுது?" என்றார் அவர்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே பூ மூட்டைகள். கால் வைக்க இடமில்லை. அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "படி, கேப்போம்" என்றார். நான் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, யானையைப் பார்த்துக்கொண்டே, கதவைப் படித்தேன். மறதியை, செருப்பு வாரை, தம்பியை. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். "பன்னெண்டு வயசுல எப்பிடித்தா இதெல்லாம் தோணுச்சு?" என்றார். பிறகு, "இன்னொருக்கா படி" என்றார். இரண்டாவது தடவை படித்தபோது வார்த்தைகள் முன்னே பின்னே மாறிவிட்டன. அவர் கண்ணைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பதிப்பாளருக்கு நான் பதில் எழுதவில்லை. இரண்டு முறை கேட்டார், பிறகு விட்டுவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். களவு என்று சொல்வதா, பொய்ச்சாட்சி என்று சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கொஞ்சம் யோசித்து, "நெறையப் படிச்சா அப்படித்தாம்மா கலந்துரும், அது பாவம் இல்ல" என்று சொல்லி, ஒரு சின்னச் செபத்தை அபராதமாகக் கொடுத்தார். படிக்கிறவர்கள் எல்லோரும் யாரிடமிருந்தோ எடுத்துத்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்கு யாரிடம் எடுத்தோம் என்று தெரியும், எடுத்ததில் தன்னுடையதைக் கொஞ்சம் போட்டுப் பிசைவார்கள். நான் போட்ட யானை எங்கே?

மூன்றாவது நாவலை எழுத உட்கார்ந்தேன். மலை என்று எழுதினால் யாருடைய மலை என்று கேள்வி வரும். ஒரு கிழவன் வந்தால் இவனை எந்தக் கிழிந்த புத்தகத்தில் பார்த்தேன் என்று தோன்றும். கடைசியில் என் மழை நாவலின் மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர் லாரிக்கு நின்றது நான்தான், அது நிச்சயம். அந்த மேகத்தோடு பேசியவள்? நான் படித்த நூற்றுக்கணக்கான பெயரில்லாத கதைகளில் அவள் எங்காவது இருக்கிறாளா? இருந்தால் கண்டுபிடிக்கவும் வழியில்லை, இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவும் வழியில்லை. எழுத எழுத அடித்தேன். பிறகு அடிப்பதற்கும் எதுவும் வரவில்லை. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனேன்.

அப்பா விடவில்லை. ஒருநாள், "அந்தத் தாளக் குடு. ஒன் ரெண்டு புக்கையும் சேத்துத் தச்சு, அத மொதப் பக்கமா வைக்கிறேன். கடைசில நாலு வெள்ளத்தாள் வுடுறேன், மூணாவது எழுதுவேல்ல" என்றார். கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது? கதை படிக்காத மனுஷன்தானே என்று நினைத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் வேலை அது. ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நானும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர், பேப்பரில் சுற்றி எடுத்துவந்ததை மேஜைமேல் வைத்துவிட்டு, கையில் பசை இருக்கிறது என்று கொல்லைப்பக்கம் போனார்.

பிரித்தேன். வழக்கமாகப் போடும் கறுப்புக் காலிகோ இல்லை, நல்ல சிவப்புத் துணி. மூலைகளில் தோல். அவர் தைத்ததிலேயே அழகான புத்தகம் அதுதான். முதல் பக்கத்தில் என் தாள் இல்லை, நாவல் நேரே ஆரம்பித்தது. பிறகுதான் அட்டையின் உட்புறத்தைப் பார்த்தேன். தாள் அங்கே ஒட்டியிருந்தது, எழுதிய பக்கம் அட்டையை நோக்கி. வெளியே தெரிந்தது வெறும் வெள்ளை. பசை ஈரத்தில் மை ஊறி, எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறி மங்கலாகத் தெரிந்தன. யானை என்ற வார்த்தை மட்டும் பிடிபட்டது. இத்தனை வருடத் தொழிலில் அப்பா ஒரு தாளைப் பக்கம் மாற்றி ஒட்டி நான் பார்த்ததில்லை. கடை ஆணியில் தொங்கும் கண்ணாடி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்லா வந்துருக்கா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"நல்லா இருக்குப்பா" என்றேன்.

சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் புத்தகத்தின் கடைசிக்குப் போனேன். வராத ஒரு வாரத்துக்குக்கூட இடம் விட்டுத் தைக்கிறவர் அவர். என் நாவலின் கடைசி வரி முடிந்த பக்கத்தைத் திருப்பினேன். உடனே அட்டை வந்தது.